யார் தந்த நேரம்?: சமகாலச் செவ்வியல் இசையமைப்பாளரின் பிழைப்பு

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு இருபது நிமிட இசை எழுத வேண்டும். நிமிடத்துக்கு அறுபது தட்டு. நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு 'பார்'. அப்படியானால் மொத்தம் 300 பார்கள். உச்சியில் புல்லாங்குழல், அடியில் டபுள் பாஸ் என்று பக்கத்துக்குப் பக்கம் ஏறக்குறைய முப்பது வரிசைகள். முந்நூறை முப்பதால் பெருக்கினால் 9000 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முடிவு எழுதப்பட்டாக வேண்டும்: எந்தச் சுரம், எத்தனை நேரம், எவ்வளவு உரக்க, வயலின்காரர் வில்லை எந்தத் திசையில் இழுப்பது, ஊதுகருவிக்காரர் எங்கே மூச்சு வாங்குவது. ஒலிக்கக் கூடாத கருவிக்கும் ஓய்வுக் குறி உண்டு. இது மெதுவாக நடக்கும் இசைக்கான கணக்கு. வேகம் கூடினால் ஒரே கட்டத்துக்குள் பதினாறு, முப்பத்திரண்டு சுரங்கள் வந்து நிற்கும்.

நம் சங்கீதத்தில் பழகிய காதுக்கு இந்த உழைப்பின் அளவு சட்டென்று பிடிபடாது. ஒரு கீர்த்தனையில் மெட்டும் சாகித்யமும் தாளமும் அமைந்துவிட்டால், மிச்சத்தைப் பாடகரின் மனோதர்மமும் வயலின்காரரின் பதிலும் மிருதங்கக்காரரின் கையும் நிறைத்துவிடும். வாக்கேயக்காரர் விட்டுச்செல்லும் இடத்தில்தான் கச்சேரி உயிர்கொள்கிறது. மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா இசை அப்படி எதையும் விட்டுவைப்பதில்லை. எண்பது பேர் மேடையில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே ஆள், தனி அறையில், மாதக்கணக்கில் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி முடிக்கிறார். அந்த மாதங்களில் அவர் வீட்டு வாடகையை யார் கட்டுவது?

சமகாலச் செவ்வியல் இசையமைப்பாளரின் தொழில்வாழ்க்கையை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் பாணியைப் பற்றிப் பேசுகிறார்கள்: பன்னிரு சுர முறை, மினிமலிசம், மின்னணு இசை என்று. எனக்கு வேறொன்று அடிப்படையாகத் தெரிகிறது. இந்தத் தொழிலின் மூலப்பொருள் நேரம். அதுவும் துண்டு துண்டாக இல்லாமல் தொடர்ச்சியாகக் கிடைக்கிற நேரம். கடந்த நூறாண்டில் அந்த நேரத்தை வாங்கித் தர மனிதர்கள் கண்ட வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்தது. அந்த விலை இசையிலேயே பதிந்தும் இருக்கிறது.

முதல் வழி, வேறு வேலை பார்ப்பது. அமெரிக்காவின் சார்ல்ஸ் ஐவ்ஸ் இன்சூரன்ஸ் தொழிலில் இருந்தார். 1907இல் கூட்டாளி ஒருவருடன் நிறுவனம் தொடங்கிப் பெரும் வெற்றி பெற்றார். இசை எழுதியது மாலையிலும் வார இறுதியிலும். யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லாததால், இரண்டு ஊர் பேண்டுகள் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து மோதிக்கொள்வது போன்ற இசையை அவரால் எழுத முடிந்தது. தன் பாடல்களையும் பியானோ சொனாட்டாவையும் கைக்காசில் அச்சிட்டு இலவசமாக அனுப்பினார். ஆனால் 1918இல் உடல் முறிந்தது. 1920களின் நடுவிலேயே புதிதாக எழுதுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய மூன்றாவது சிம்பனி 1946இல்தான் அரங்கேறியது. மறு ஆண்டு புலிட்சர் பரிசு வந்தது. நான்காவது சிம்பனி முழுமையாக ஒலித்த 1965இல் அவர் உயிருடன் இல்லை. இரட்டை வேலை சுதந்திரத்தைக் கொடுத்தது, உடம்பை எடுத்துக்கொண்டது.

மார்ட்டன் ஃபெல்ட்மன் நாற்பது வயது தாண்டும்வரை குடும்பத்தின் குழந்தைகள் கோட்டு வியாபாரத்தில் வேலை பார்த்தார். பிறகு பஃபலோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அவருடைய மிக நீண்ட படைப்புகள், மணிக்கணக்கில் மெல்லிய ஒலியிலேயே நகர்கிறவை, அதற்குப் பின்னால் வந்தவை. காலம் கைக்கு வந்ததும் இசையின் காலமும் நீண்டது என்று நான் நினைக்கிறேன்.

யானிஸ் க்செனாக்கிசின் கதை வேறு மாதிரி. கிரேக்க உள்நாட்டுப் போரில் இடதுசாரிகள் பக்கம் நின்று, முகத்தில் குண்டுக்காயத்துடன் 1947இல் பாரிசுக்குத் தப்பி வந்தவர். படித்தது சிவில் எஞ்சினியரிங். சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இசை கற்க இசையமைப்பாளர் மெசியானிடம் போனபோது, ஹார்மனி பாடங்களை மறந்துவிடு, உனக்குக் கணிதமும் கட்டடக்கலையும் தெரியும், அவற்றை இசையாக்கு என்று அவர் சொல்லி அனுப்பினார். 1955இல் டோனவெஷிங்கன் விழாவில் அரங்கேறிய 'மெட்டாஸ்டாசிஸ்' படைப்பில் தந்திக் கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோணத்தில் வழுக்கிச் செல்கின்றன. அந்த நேர்கோடுகள் சேர்ந்து வளைந்த பரப்பாகின்றன. அதே வரைபடச் சிந்தனைதான் 1958 பிரசல்ஸ் கண்காட்சியின் பிலிப்ஸ் மண்டபத்துக்குக் கூரையானது. அலுவலக மேசையும் இசை மேசையும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்த அரிய உதாரணம் இது. எல்லாருக்கும் இப்படி வாய்க்காது.

ஃபிலிப் கிளாசுக்கு வாய்க்கவில்லை. அவர் நியூயார்க்கில் குழாய் வேலை செய்தார், நண்பர் ஸ்டீவ் ரைக்குடன் சேர்ந்து வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கினார், டாக்சி ஓட்டினார். 1976 நவம்பரில் 'ஐன்ஸ்டைன் ஆன் த பீச்' ஓப்பரா மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கில் நிறைந்த கூட்டத்துக்கு நடந்தது. தயாரிப்பு பெருங்கடனில் முடிந்தது. கிளாஸ் மறுபடியும் டாக்சிக்குத் திரும்பினார். முழுநேரம் இசையில் பிழைக்க முடிந்தபோது அவருக்கு வயது 41. அதற்கு வழி செய்ததில் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் அழைப்புக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த அழைப்பில் பிறந்ததுதான் 1980இல் ராட்டர்டாமில் அரங்கேறிய 'சத்தியாக்கிரகா'. காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கை. பாடுவது முழுக்கப் பகவத் கீதையின் சமஸ்கிருதம். அதன் கடைசி அங்கம் 1913 நியூகாசில் நடைப்பயணம். அந்தப் பயணத்தில் நடந்த ஒப்பந்தக் கூலிகளில் நம்மவர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றதும் அதே போராட்டத்தில்தான். தமிழ் வாசகர்கள் இந்த ஓப்பராவை ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

கிளாஸ் செய்த இன்னொரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. பல ஆண்டுகள் அவர் தன் இசையை மற்றவர்கள் வாசிக்கக் கொடுக்கவில்லை. கேட்க விரும்புகிறவர்கள் அவருடைய சொந்தக் குழுவைத்தான் அழைத்தாக வேண்டும். பதிப்புரிமையையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ரைக்கும் தன் பெயரிலேயே ஒரு குழுவை வைத்திருந்தார். எழுதியவரே வாசிக்கவும் செய்வது நமக்குப் புதிதில்லை. மேற்கில் அது ஏறக்குறைய மறந்துபோயிருந்தது, இவர்கள் மீட்டார்கள்.

இரண்டாவது வழி, ஒப்பந்தமும் உரிமைத்தொகையும். அதில் பணம் எப்படி நகர்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆர்கெஸ்ட்ராவோ விழாவோ அறக்கட்டளையோ புதுப் படைப்பு ஒன்றைக் கேட்டு ஒப்பந்தம் போடுகிறது. எத்தனை நிமிடம், எந்தெந்தக் கருவிகள், எந்தத் தேதிக்குள் என்பது அதில் இருக்கும். கையெழுத்தானதும் ஒரு பகுதி, இசைப்பிரதியைக் கொடுத்ததும் மிச்சம். எழுதி முடித்த பிரதியைப் பதிப்பகம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு கருவிக்கும் தனிப்படிகளை வாடகைக்கு விடுகிறது. ஆர்கெஸ்ட்ராக்கள் சமகாலப் படைப்புகளின் தனிப்படிகளைப் பொதுவாக விலைக்கு வாங்குவதில்லை. கச்சேரி முடிந்ததும் பெட்டியில் திருப்பி அனுப்புகின்றன. அந்த வாடகையில் ஒரு பங்கு இசையமைப்பாளருக்கு. பொது மேடையில் ஒலிக்கும் ஒவ்வொரு முறைக்கும், வானொலியில் வரும் ஒவ்வொரு முறைக்கும் தனி உரிமைத்தொகை.

இந்தக் கடைசி ஏற்பாடு 1847இல் பாரிசின் ஒரு கஃபேயில் தொடங்கியது. எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் குடித்த பானத்துக்குக் காசு தர மறுத்தார். என் பாட்டை நீங்கள் காசு தராமல் வாசிக்கிறீர்களே, அதற்கு இது சரியாகப் போயிற்று என்றார். வழக்கு நீதிமன்றம் போனது, அவர் வென்றார். 1851இல் 'சாசெம்' சங்கம் உருவானது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இத்தகைய சங்கங்கள் வர 1914 ஆயிற்று. நம் நாட்டில், படத்துக்கு எழுதிக் கொடுத்த பாட்டானாலும் அதன் ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று சட்டத் திருத்தம் வந்தது 2012இல்.

உரிமைச் சங்கம் ஒரு மனிதரை எப்படித் தாங்க முடியும் என்பதற்கு பார்டோக் சாட்சி. ஹங்கேரியை விட்டு அமெரிக்கா வந்தவர், 1943இல் நோய் முற்றி நியூயார்க் மருத்துவமனையில் கிடந்தார். அமெரிக்க உரிமைச் சங்கமான 'ஆஸ்கேப்' அவர் உறுப்பினராக இல்லாதபோதும் சிகிச்சைச் செலவை ஏற்றது. பாஸ்டன் சிம்பனியின் இசை நடத்துநர் கூசெவிட்ஸ்கி படுக்கைக்கே வந்து ஆயிரம் டாலருக்கு ஒரு படைப்பு கேட்டார், பாதிப் பணத்தை அங்கேயே கொடுத்தார். நண்பர்கள் சிகெட்டியும் ரெய்னரும் பின்னாலிருந்து தூண்டிய உதவி இது என்று பார்டோக்குக்குத் தெரியாது. தெரிந்தால் வாங்கியிருக்க மாட்டார். அந்தக் கோடையில் சரனாக் ஏரிக்கரையில் ஓய்வுக்கு அனுப்பினார்கள். ஆகஸ்ட் நடுவில் எழுத ஆரம்பித்து அக்டோபர் 8க்குள் 'ஆர்கெஸ்ட்ராவுக்கான கன்செர்ட்டோ'வை முடித்தார். எட்டு வாரம். ஆயிரம் டாலரும் ஓர் ஏரிக்கரையும் ஒரு மனிதருக்குக் கொடுத்தது அது. இரண்டு ஆண்டில் அவர் இறந்துபோனார். இன்றும் உலகின் ஆர்கெஸ்ட்ராக்கள் அதிகம் வாசிக்கும் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகளில் அது ஒன்று.

அரசு பணம் கொடுப்பது மூன்றாவது வழி. இதில் இரண்டு துருவங்கள். சோவியத் ஒன்றியம் 1932இல் இசையமைப்பாளர் சங்கத்தை அமைத்தது. உறுப்பினருக்கு வீடு, படைப்புகளுக்குச் சன்மானம், நகருக்கு வெளியே அமைதியாக எழுத ஓய்வில்லங்கள். நேரம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் உலகில் வேறெங்கும் இத்தனை தாராளம் இருந்ததில்லை. ஆனால் கொடுத்த கை எடுக்கவும் செய்தது. 1948இல் கட்சியின் கண்டனத் தீர்மானம் வந்தபோது ஷாஸ்தகோவிச் மாஸ்கோ, லெனின்கிராட் கன்சர்வேட்டரிகளில் ஆசிரியர் பதவிகளை இழந்தார். படங்களுக்கு இசையமைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1979இல் சங்கத் தலைவர் ஹ்ரென்னிகோவ் மாநாட்டு மேடையில் ஏழு இசையமைப்பாளர்களைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். அவர்களில் ஒருவர் சோஃபியா குபைதுலினா. அவருக்கும் படங்கள்தான் சோறு போட்டன. கிப்ளிங்கின் மௌக்லியைச் சோவியத் கார்ட்டூனாக எடுத்தபோது இந்தியக் காட்டுக்கு இசை தந்தவர் இவர்தான். அந்த வருமானத்தின் நிழலில் எழுதிய 'ஆஃபர்டோரியம்' வயலின் கன்செர்ட்டோ 1981இல் வியன்னாவில், கிதோன் கிரெமரின் கையில் அரங்கேறிய பிறகே மேற்கு அவரை அறிந்தது.

எஸ்தோனியாவின் ஆர்வோ பார்ட், 1958 முதல் 1967 வரை வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பொறியாளர். வெளிப்படையான கிறிஸ்தவ நம்பிக்கையுடன் 1968இல் எழுதிய 'கிரேடோ' அதிகாரிகளுக்குச் சினமூட்டியது. அதற்குப் பின் எட்டு ஆண்டுகள் ஏறக்குறைய மௌனம். படங்களுக்கு எழுதினார், பழைய தேவாலயப் பாடல்களை நோட்டு நோட்டாக எழுதிப் பயின்றார். 1976இல் 'ஃபுயர் அலினா' என்ற இரண்டு பக்கப் பியானோ இசை வந்தது. மணியோசை போன்ற மூன்று சுரங்களும் அவற்றுக்கு இடையே நடக்கும் ஒரு மெட்டும்தான். 1980இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னாளில் பல ஆண்டுகள், வாழும் இசையமைப்பாளர்களில் உலகில் மிக அதிகமாக வாசிக்கப்பட்டவர் அவரே. அந்த எட்டு ஆண்டு மௌனத்தை எந்த ஒப்பந்தத் தேதியும் அனுமதித்திருக்காது. எழுதாத காலத்துக்கும் ஒருவருக்குச் சோறு வேண்டும் என்பதை நான் பார்ட்டின் வாழ்க்கையிலிருந்துதான் கற்றேன்.

அடுத்த துருவம், எஸ்தோனியாவுக்கு வளைகுடாவின் எதிர்க்கரையில் இருக்கும் ஃபின்லாந்து. 1897இலேயே சிபேலியசுக்கு ஆண்டு நல்கை கொடுத்த நாடு அது. அந்த நல்கை போதாமல் அவர் பல ஆண்டு கடனில் தவித்தார் என்பதும் உண்மை. 'வால்ஸ் திரிஸ்த்' என்ற சிறு படைப்பை அற்பத் தொகைக்கு மொத்தமாக விற்றுவிட்டார். அது உலகெங்கும் ஒலித்தது, ஆதாயம் அவருக்கு வரவில்லை. 1969இல் ஃபின்லாந்து கலைஞர் நல்கைக்கென்று ஒரு சட்டமே இயற்றியது. ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று மாதாமாதம் பிழைப்புக்குப் பணம்; தேர்ந்தெடுப்பது கலைத் துறையில் உள்ளவர்களே. என்ன எழுத வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மக்கள்தொகை ஐம்பது லட்சத்துச் சொச்சம். அங்கிருந்து கய்யா சாரியாஹோ, மாக்னுஸ் லிண்ட்பெரி, எசா-பெக்கா சலோனன் என்று ஒரே தலைமுறையில் இத்தனை பேர் உலக மேடைக்கு வந்ததற்கு ஊர்தோறும் உள்ள இசைப் பள்ளிகளும் காரணம், இந்த நல்கையும் காரணம். பெரிய பரிசுகளைவிடச் சிறிய, நிதானமான, நீடிக்கும் உதவியே இசையை வளர்க்கிறது என்பது என் துணிபு. பரிசு, முடிந்த வேலைக்கு வருகிறது. இசையமைப்பாளருக்குப் பணம் தேவைப்படுவது முடியாத வேலையின் நடுவில்.

போலந்தின் விட்டோல்ட் லுட்டோஸ்வாவ்ஸ்கி இதை அறிந்திருந்தார் என்றே படுகிறது. நாஜி ஆக்கிரமிப்பின்போது வார்சாவின் கஃபேக்களில் பியானோ வாசித்துப் பிழைத்தவர். போருக்குப் பின் 'தெர்விட்' என்ற புனைபெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட மெல்லிசைப் பாடல்களை எழுதினார். 1985இல் முதல் கிராவமையர் விருது, ஒன்றரை லட்சம் டாலர், அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தை இளம் போலந்து இசையமைப்பாளர்கள் வெளிநாட்டில் படிப்பதற்கான உதவித்தொகையாக்கிவிட்டார்.

பல்கலைக்கழகம் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பெரும்பாலான இசையமைப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தது அதுதான். 1958இல் மில்டன் பாபிட், இசையமைப்பாளரும் இயற்பியலாளர் போல ஒரு துறை நிபுணர், பொதுமக்களின் கைதட்டலை நம்பாமல் ஆய்வகத்தில் வேலை செய்யட்டும் என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். நிபுணர் என்ற சொல் இருந்த அவருடைய தலைப்பை எடுத்துவிட்டு, நீங்கள் கேட்டாலென்ன கேட்காவிட்டாலென்ன என்று பொருள்படும் தலைப்பைப் பத்திரிகை போட்டது. அந்தத் தலைப்பு அவரை ஆயுளுக்கும் துரத்தியது. அது அவருக்கு நேர்ந்த அநியாயம். சம்பளமும் கோடை விடுமுறையும் நல்லவை. கற்பிக்கிற நாளில் மனம் மற்றவர்களின் இசையால் நிரம்பிவிடுகிறது என்பது அதன் விலை. பாரிஸ் கன்சர்வேட்டரியில் 1978 வரை கற்பித்தபடியே எழுதிய மெசியான் போன்றவர்கள் அபூர்வம். பூலேஸ், ஸ்டாக்ஹவுசன் முதல் ஜார்ஜ் பெஞ்சமின் வரை அவரிடம் படித்தவர்கள். அவரும் கோடையை எழுதுவதற்கென்றே ஒதுக்கி ஆல்ப்ஸ் மலைப்பக்கம் போய்விடுவார்.

படங்களுக்கு எழுதுவதைத் தாழ்வாகப் பேசும் பழக்கம் செவ்வியல் உலகில் உண்டு. தோரு டகேமிட்சுவைக் கேட்டவர்களுக்கு அப்படிப் பேச மனம் வராது. போருக்குப் பிந்தைய டோக்கியோவில் பியானோ வாங்க வசதியில்லாத இளைஞர். இதைக் கேள்விப்பட்ட மயுசுமி என்ற இன்னோர் இசையமைப்பாளர், முன்பின் அறிமுகம் இல்லாத நிலையிலும் அவருக்கு ஒரு பியானோவை அனுப்பி வைத்தார். டகேமிட்சு தொண்ணூறுக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார். குரோசவாவின் 'ரான்' அதில் ஒன்று. படத்தில் கற்ற மௌனத்தைக் கச்சேரி மேடைக்கும், மேடையில் கண்ட ஒலியைப் படத்துக்கும் கொண்டுபோனார்.

இங்கிலாந்தின் எலிசபெத் லட்யன்சுக்கு அது அத்தனை இன்பமான வேலையாக இருக்கவில்லை. புது தில்லியைக் கட்டிய எட்வின் லட்யன்சின் மகள். தாய் எமிலி, அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையில் ஆழ்ந்து, இளம் ஜே. கிருஷ்ணமூர்த்தியைத் தன் பிள்ளையாகவே கருதியவர். கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை எழுதிய மேரி, எலிசபெத்தின் தங்கை. நான்கு பிள்ளைகளை வளர்க்க எலிசபெத் பேய்ப் படங்களுக்கு எழுதினார். நல்லதாக வேண்டுமா, புதன்கிழமைக்குள் வேண்டுமா என்று இயக்குநர்களைக் கேட்பாராம். பன்னிரு சுர முறையை இங்கிலாந்தில் முதலில் கையாண்டவர்களில் ஒருவர்; அந்தத் தீவிர இசையை எழுத மிச்ச நேரம்தான் இருந்தது.

நம் இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் 'வேலியன்ட்' சிம்பனியை அரங்கேற்றியபோது தமிழ்நாடு முழுவதும் பெருமைப்பட்டது, நானும் பட்டேன். ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு கருவிக்கும் தன் கையாலேயே குறிப்பெழுதிக் கொடுத்து வந்தவர் அவர். படங்களின் தேதிகளுக்கு இடையே கிடைத்த சில வாரங்களில் அதை எழுதினார். அவருக்கு இருபது வயதுகளில் ஐந்தாண்டு நல்கை ஒன்றை யாராவது கொடுத்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறேன். அப்படி நடந்திருந்தால் நமக்குக் கிடைத்த பாடல்கள் சில கிடைக்காமலும் போயிருக்கலாம். இந்தக் கணக்கை நேராக்க எனக்குத் தெரியவில்லை.

நேரம் எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைக்கவில்லை. ரூத் க்ராஃபோர்ட், இசையமைப்புக்காக 1930இல் குகன்ஹைம் நல்கை பெற்ற முதல் பெண். அந்தப் பணத்தில் பெர்லின் போனார். 1931இல் எழுதிய தந்தி நால்வர் இசை, அமெரிக்கா அதுவரை கண்டவற்றில் மிகத் துணிச்சலான படைப்புகளில் ஒன்று. திரும்பி வந்து சார்ல்ஸ் சீகரை மணந்தார். நான்கு குழந்தைகள், நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகருக்குச் சிற்றன்னை. பொருளாதார மந்தக் காலம். பியானோ வகுப்புகள் எடுத்தார், நாட்டுப்புறப் பாடல்களை ஒலித்தட்டிலிருந்து நுணுக்கமாகக் குறிப்பாக்கினார். அதுவும் பெரிய பணிதான், அதில் அவருக்கு நம்பிக்கையும் இருந்தது. ஆனால் தன் இசைக்கு ஏறக்குறைய இருபது ஆண்டு அவரிடம் நேரமே இல்லை. 1952இல் ஓர் ஊதுகருவி ஐவர் இசையோடு திரும்பி வந்தார். அது பரிசும் பெற்றது. மறு ஆண்டு புற்றுநோயில் இறந்தபோது வயது 52. அந்த ஐவர் இசையைக் கேட்கும்போதெல்லாம், இடையில் வந்திருக்க வேண்டிய இருபதாண்டுப் படைப்புகளையும் சேர்த்து நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

பெண்ணின் ஓப்பரா ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் முதலில் நடந்தது 1903இல், ஈத்தல் ஸ்மித் எழுதியது. இரண்டாவது, கய்யா சாரியாஹோவின் 'லமூர் த லுவான்', ஆண்டு 2016. நடுவே 113 ஆண்டுகள்.

எழுதி முடித்த பின்னும் வேலை முடிவதில்லை. முன்பு படியெடுப்பவர்கள் என்று ஒரு தனித்தொழில் இருந்தது. முழுப் பிரதியைப் பார்த்து ஒவ்வொரு கருவிக்கும் தனிப்படி எழுதுவார்கள். 1988இல் ஃபினாலே, 1993இல் சிபேலியஸ் என்று குறிப்பெழுதும் மென்பொருள்கள் வந்த பிறகு அந்த வேலை பெரும்பாலும் இசையமைப்பாளர் தலையிலேயே விழுந்தது. இரண்டாம் வயலின்காரர் பக்கம் புரட்ட ஒரு கை ஓய்வாக இருக்கும் இடமாகப் பார்த்துப் பக்கத்தை முறிக்க வேண்டும். நீண்ட ஓய்வுக்குப் பின் நுழையும் டிரம்பெட்காரருக்கு, அதற்கு முன் ஒலிக்கும் ஓபோவின் மெட்டைச் சிறு எழுத்தில் காட்ட வேண்டும். இதில் பிழை இருந்தால் ஒத்திகை நேரம் வீணாகும்; ஒத்திகை என்பதோ பெரும்பாலும் இரண்டு மூன்று அமர்வுகள்தான், அதிலும் புதுப் படைப்பு பீத்தோவனுடன் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2024 ஆகஸ்டில் ஃபினாலே நிறுத்தப்படுவதாக அறிவித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுக் கோப்புகளை வேறு மென்பொருளுக்கு மாற்றும் வேலை பலர் தலையில் வந்து விழுந்தது. அந்த மணிநேரங்களையும் இசையிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

அரங்கேற்றத்துக்குப் பணம் தர ஆள் உண்டு. முதல் முறை என்ற பெருமை அதில் இருக்கிறது. இரண்டாவது முறை வாசிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பனி 1977இல் பிரான்சின் ருவாயான் விழாவில் அரங்கேறியது; புதுமைப் பிரியர்களான விமர்சகர்கள் அதன் எளிமையை வெறுத்தார்கள். 1992இல் டான் அப்ஷா பாட, டேவிட் ஜின்மன் நடத்த, லண்டன் சின்ஃபோனியெட்டா வாசித்த ஒலித்தட்டு வந்தபோது பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. ஒரு சுரமும் மாறவில்லை. பதினைந்து ஆண்டுகளில் ஒரு சில மேடைகள்தான் அதற்கு வாய்த்திருந்தன.

இங்கிலாந்தின் ஹேவர்கல் பிரையனுக்கு அந்த ஒரு சிலவும் வாய்க்கவில்லை. 1876இல் மட்பாண்டத் தொழில் நடக்கும் வட்டாரத்தில் பிறந்தவர். இளமையில் உள்ளூர்ச் செல்வந்தர் ஒருவர் ஆண்டுக்கு 500 பவுண்ட் கொடுத்து எழுதச் சொன்னார். அந்த உறவு முறிந்தது. பிறகு வறுமை, இசைப் பத்திரிகை வேலை, அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. 1927இல் 'காத்திக்' என்ற பிரம்மாண்டமான சிம்பனியை முடித்தார். அதை மேடையேற்ற யாரும் இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார். 1954இல் பிபிசியில் பணிபுரிந்த ராபர்ட் சிம்ப்சன், அவரும் ஓர் இசையமைப்பாளர், பிரையனின் எட்டாவது சிம்பனியை ஒலிபரப்ப ஏற்பாடு செய்தார். தான் எழுதிய சிம்பனி ஒன்றைப் பிரையன் காதால் கேட்டது அதுதான் முதல் முறை. வயது 78.

எண்பது வயதுக்குப் பிறகு மட்டும் அவர் 21 சிம்பனிகள் எழுதினார். 1966இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஏட்ரியன் போல்ட் நடத்த 'காத்திக்' முழங்கியபோது அவருக்கு 90. வீடு திரும்பி மறுபடி மேசையில் உட்கார்ந்தார். முப்பத்திரண்டாவது சிம்பனியை முடித்தது 1968இல்.